கார்டு மேல தப்பு இல்ல

உங்க ஹாஸ்டல்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான். லேப்டாப் வாங்கணுமா, விண்டோஸ் படுத்துக்கிச்சா, பிரிண்டர் மக்கர் பண்ணுதா, எல்லாரும் முதல்ல அவன் ரூம் கதவைத்தான் தட்டுவாங்க. எங்க பிளாக்ல அது நான். மூணு வருஷமா இந்தப் பதவியில இருக்கேன். சம்பளம் கிடையாது, எப்பவாவது ஒரு டீ.

அந்தப் பதவியில நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அதைத் தெரிஞ்சுக்கிட்டா உங்க காசு கொஞ்சம் மிச்சமாகலாம்.

போன வருஷம் செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் வந்தான். காலேஜ் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன். "அண்ணா, என் பிசிக்கு என்ன கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?"னு கேட்டான். அவன்கிட்ட இருந்தது ஏதோ ஒரு ஆபீஸ்ல ஓடிப் பழசாகி, ரீஃபர்பிஷ் பண்ணி வித்த மெஷின். ஐ5-6500 பிராசஸர், 8 ஜிபி ரேம், சின்னதா ஒரு எஸ்எஸ்டி. ஜிடிஏ 5 விளையாடணும், பிளெண்டர் கத்துக்கணும், இது ரெண்டும்தான் அவன் ஆசை.

நான் அஞ்சு நிமிஷம்கூட யோசிக்கல. "ஜிடிஎக்ஸ் 1650 போடு. 75 வாட்தான், மதர்போர்டு ஸ்லாட்டே அந்தப் பவரைக் கொடுத்துடும். தனியா பவர் கேபிள் இல்லாத மாடலாப் பாத்து வாங்கினா எஸ்எம்பிஎஸ் மாத்த வேண்டாம். கண்ணை மூடிட்டு 60 எஃப்பிஎஸ் வரும்"னு சொன்னேன். பவர் பத்திச் சொன்னது சரி. கண்ணை மூடச் சொன்னதுதான் தப்பு.

அவன் செகண்ட் ஹேண்ட்ல 7,200 ரூபாய்க்கு வாங்கினான். ஒரு விஷயம் எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. முகூர்த்த நாள்ல எல்லாம் அவன் கேட்டரிங் வேலைக்குப் போறவன். ஒரு நாளைக்கு 600 ரூபாய். அதாவது அந்தக் கார்டோட விலை பன்னிரண்டு கல்யாணம். விடியக்காலை டிபன்ல ஆரம்பிச்சு மத்தியானக் கடைசிப் பந்தி வரைக்கும் வாளி தூக்கின பன்னிரண்டு நாள்.

ரெண்டு வாரம் கழிச்சு கேண்டீன்ல பாத்தேன். "எப்படிடா ஓடுது?"ன்னேன். "நல்லா இருக்குண்ணா"ன்னான். சொன்ன விதத்துலயே நல்லா இல்லைன்னு தெரிஞ்சுது. தோண்டிக் கேட்டப்புறம்தான் சொன்னான்: "படம் அழகா இருக்குண்ணா. ஆனா ஊருக்குள்ள கார் ஓட்டினா திக்கித் திக்கிப் போகுது. முன்னாடி 25 வந்துச்சு, இப்ப 40 வருது. வித்தவன் அடிபட்ட கார்டைத் தள்ளி விட்டுட்டான்னு நினைக்கிறேன். வந்த விலைக்குக் கொடுத்துடலாமா?"

"பாட்டில்நெக்கா இருக்கும்டா"ன்னு சொன்னேன். அவன் உடனே, "அப்படின்னா என்னண்ணா?"ன்னான்.

இந்த இடத்துல நான் மாட்டிக்கிட்டேன். அந்த வார்த்தையை யூடியூப்ல ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கேன். நாலாவது செமஸ்டர்ல ஆம்டால் விதியைப் பதிமூணு மார்க் கேள்வியா எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியிருக்கேன். எல்லாம் இங்கிலீஷ்ல. ஆனா ஒருத்தன் எதிர்ல நின்னு, தமிழ்ல, "எது, எதுக்காக, எங்க காத்திருக்கு?"ன்னு கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல. வார்த்தை தெரியும். விஷயம் தெரியாது.

அன்னைக்குச் சாயங்காலம் அவன் ரூமுக்குப் போனேன்.

முதல்ல கார்டு நல்லா இருக்கான்னு பாக்கணும். பிளெண்டர்ல ஒரு சீனைத் திறந்து, சைக்கிள்ஸ்ல கார்டை வெச்சு ரெண்டர் போட்டோம். கார்டோட உபயோகம் கிட்டத்தட்ட 100 சதவீதத்துல போய் நின்னுது. பத்து நிமிஷம் ஓடியும் சூடு கட்டுக்குள்ள, ஸ்கிரீன்ல ஒரு கோடு புள்ளி இல்ல. வித்தவர் ஏமாத்தல. பிறகு அதே மெஷின்ல ஜிடிஏ. ஊருக்குள்ள கார் ஓட்டச் சொல்லிட்டு அளவு பாத்தேன். கார்டு 50 சதவீதத்துல சும்மா உக்காந்திருக்கு. பிராசஸர் 100-ல மூச்சு வாங்குது. ரேம் 8 ஜிபியில கிட்டத்தட்ட முழுசும் நிரம்பிடுச்சு.

ஒரே கார்டு. ஒரு வேலையில முழு மூச்சா ஓடுது, இன்னொரு வேலையில பாதி நேரம் கையைக் கட்டிட்டு நிக்குது. ஏன்?

கேம்ல நீங்க பாக்குற ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு தனிப் படம். செகண்டுக்கு 60 படம் வேணும்னா ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் 16.7 மில்லி செகண்ட். அதை ரெண்டு பேர் பங்கு போட்டு முடிக்கணும். எந்தக் கார் எங்க போகுது, ரோட்டுல நடக்கிறவன் எந்தப் பக்கம் திரும்புவான், எது எதை இடிச்சுது, திரையில என்னென்ன வரையணும், இதையெல்லாம் முடிவு பண்றது பிராசஸர். முடிவு பண்ணி "இதை வரை, அடுத்து இதை வரை"ன்னு கட்டளை அனுப்பும். வரையறது கார்டு. 1920-க்கு 1080 திரையில 20,73,600 புள்ளிகள். அத்தனைக்கும் நிறம் கண்டுபிடிக்கணும். அதுக்காகத்தான் 1650-க்குள்ள 896 சின்னச் சின்னக் கோர்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா பெரிய புத்திசாலி இல்ல. எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி வேலையை ஒரே நேரத்துல செய்யும்.

ரெண்டு பேரும் ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் தூங்குறதில்ல. கார்டு இந்தப் படத்தை வரையும்போதே பிராசஸர் அடுத்த படத்துக்கான கணக்கை ஆரம்பிச்சுடும். அதனால ரெண்டு நேரத்தையும் கூட்டக் கூடாது. ஏறக்குறைய, ரெண்டுல எது பெருசோ அதுதான் ஒரு ஃபிரேமுக்கு ஆகிற நேரம். பிராசஸருக்கு 24 மில்லி செகண்ட், கார்டுக்கு 12 மில்லி செகண்ட்னு வெச்சுக்கோங்க. வர்றது 41, 42 எஃப்பிஎஸ். இப்ப இதைவிட ரெண்டு மடங்கு வேகமான கார்டு போட்டா? கார்டு 6 மில்லி செகண்ட்ல முடிச்சுட்டு மீதி 18 மில்லி செகண்ட் சும்மா இருக்கும். எஃப்பிஎஸ் அதே 41, 42. ஒரு ரூபாய்க்குக்கூடப் பலன் இல்ல.

பிளெண்டர்ல அப்படி இல்ல. பிராசஸர் சீனை ஒரு தடவை தயார் பண்ணி கார்டோட மெமரியில ஏத்திட்டா போதும், அப்புறம் பெரும்பாலும் கார்டுதான் கணக்குப் போடும். அதனாலதான் அங்க அது 100-ல ஓடுச்சு.

இதைச் சொல்லி முடிச்சதும் தம்பி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பந்தி மாதிரியாண்ணா?"ன்னான்.

"எப்படி?"

"பரிமாற ஐம்பது பேர் இருக்காங்க. ஆனா எந்த வரிசைக்கு எதுன்னு சொல்ற சூப்பர்வைசர் ஒருத்தர்தான். அவர் சொல்ற வரைக்கும் ஐம்பது பேரும் வாளியோட நிக்கணும். இன்னும் ஐம்பது பேரைக் கூட்டிட்டு வந்தாலும் பந்தி சீக்கிரம் முடியாது."

மூணு வருஷமா நான் பாத்த வீடியோ எல்லாத்தையும் விட இது தெளிவா இருந்துச்சு.

"சரி, அப்ப ரேம் எங்கண்ணா வருது?"ன்னான். அவன் பந்தியிலயே அதுக்கும் இடம் இருந்துச்சு. மண்டபத்துல பரிமாறுறவங்க பக்கத்துலயே மேஜை போட்டு வாளிகளை வெச்சிருப்பாங்க இல்ல, அதுதான் கார்டுக்குள்ள இருக்கிற மெமரி, விரேம். பின்னாடி இருக்கிற சமையல்கட்டு ரேம். அதுக்கும் பின்னாடி ஸ்டோர் ரூம், அதான் எஸ்எஸ்டி.

இனி கொஞ்சம் கணக்கு. 1650-ல முதல்ல வந்த ஜிடிடிஆர்5 மாடல்தான் அவனோடது. அதுல 4 ஜிபி விரேம். அங்க இருந்து கோர்களுக்குச் செகண்டுக்கு 128 ஜிபி வரைக்கும் தகவல் போகும். அந்த 4 ஜிபியில இடம் இல்லாம டெக்ஸ்ச்சர் எல்லாம் ரேமுக்கு வழிஞ்சா, பிசிஐஇ 3.0 பாதை வழியா வரணும். அதோட முழு அகலமே செகண்டுக்கு 16 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி. எட்டு மடங்கு மெதுவு. சாம்பார் வாளி மேஜையில இல்லாம, ஒவ்வொரு கரண்டிக்கும் சமையல்கட்டுக்கு ஓடுற மாதிரி. ஜிடிஏ 5-ல கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் மேல, எவ்வளவு விரேம் ஆகும்னு ஒரு பட்டை காட்டும். எதுக்கு அதைக் காட்டுறாங்கன்னு எனக்கே அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ஆனா தம்பி மெஷின்ல அந்தப் பட்டை பாதுகாப்பாத்தான் இருந்துச்சு. பிரச்சினை சமையல்கட்டுல. டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போனோம். ஸ்லாட் ரெண்டு, போட்டிருக்கிறது ஒண்ணு, வேகம் 2133. ஒரு ரேம் குச்சி ஒரு தடவைக்கு 8 பைட் அனுப்பும். செகண்டுக்கு 2133 மில்லியன் தடவை. பெருக்கினா செகண்டுக்கு 17 ஜிபி. அதே மாதிரி இன்னொரு குச்சியை ரெண்டாவது ஸ்லாட்ல போட்டா டூயல் சேனல். 34 ஜிபி. சமையல்கட்டுக்கு ரெண்டாவது கதவு திறந்த மாதிரி.

"கார்டுக்குன்னு தனி மெமரி இருக்கே, பிசி ரேம் வேகம் எதுக்கு?"ன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். அந்த ரேமை நம்பி இருக்கிறது பிராசஸர். ரேமிலிருந்து ஒரு தகவல் வர 60-லிருந்து 100 நானோ செகண்ட் ஆகுதுன்னு வைங்க. 3.2 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடுற பிராசஸருக்கு அது இருநூறு முந்நூறு சுற்று. அத்தனை சுற்றும் அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கலாம். சமையல்கட்டுல என்ன இருக்குன்னு தெரியாம சூப்பர்வைசர் நிக்கிறார், அவர் சொல்லாம பரிமாறுறவங்க நிக்கிறாங்க. ரேம் மெதுவானா பிராசஸர் தாமதம், பிராசஸர் தாமதமானா கார்டு சும்மா. இந்தச் சங்கிலியைத்தான் நான் "பாட்டில்நெக்"னு ஒரே வார்த்தையில முடிச்சுக்கிட்டு இருந்தேன்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல சாட்சி 2022-ல வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதுக்கு முன்னாடி வந்த 5800எக்ஸை விட இதோட கிளாக் வேகம் கம்மி. 4.7-க்குப் பதில் 4.5 ஜிகாஹெர்ட்ஸ்தான். ஆனா பிராசஸருக்குள்ளயே இருக்கிற எல்3 கேஷ் மெமரி 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆச்சு. நிறைய கேம்ல மெதுவான கிளாக் உள்ளதுதான் ஜெயிச்சுது. காரணம், ரேம் வரைக்கும் ஓட வேண்டிய தடவை குறைஞ்சு போச்சு. பாக்ஸ் மேல போட்டிருக்கிற ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் வேகம் இல்ல.

கார்டு பக்கமும் இதே கதைதான். ஜிடி 1030-னு ஒரு சின்ன கார்டு உண்டு. 2017-ல ஜிடிடிஆர்5 மெமரியோட வந்துச்சு, செகண்டுக்கு 48 ஜிபி. அடுத்த வருஷம் அதே பேர்ல டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொண்ணு வந்துச்சு, செகண்டுக்கு 16.8 ஜிபிதான். ரெண்டுலயும் அதே 384 கோர். பல கேம்ல எஃப்பிஎஸ் பாதிக்குப் பாதி குறைஞ்சுது. பேரைப் பாத்து வாங்கினவங்க ஏமாந்தாங்க. அதனால "எத்தனை ஜிபி கார்டு?"ன்னு மட்டும் கேக்காதீங்க. எந்த வகை மெமரி, எவ்வளவு வேகம்னும் கேளுங்க.

தம்பி ரூமுக்கே திரும்புவோம். பிராசஸர் பக்கம்தான் தடைன்னு உறுதி பண்ண ஒரு எளிய சோதனை இருக்கு, இதை நீங்களும் செய்யலாம். ரெசல்யூஷனை மட்டும் 1080-லிருந்து 720-க்குக் குறைச்சோம். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போயிடும், அதாவது கார்டு வேலை பெருசாக் குறையும். எஃப்பிஎஸ் ஏறினா கார்டுதான் தடை. எங்களுக்கு 42 இருந்தது 43 ஆச்சு. அவ்வளவுதான். கார்டு மேல தப்பே இல்ல.

மறுநாள் என் பிசியிலிருந்து ஒரு 8 ஜிபி குச்சியைக் கழட்டி எடுத்துட்டுப் போய்ப் போட்டேன். பயாஸ் ரெண்டையும் ஏத்துக்கிச்சு. ஜிடிஏ ஓட்டினான். 42 இருந்தது 50-ஐத் தாண்டுச்சு. அதைவிட முக்கியம், அந்தத் திக்கல் போயிடுச்சு. சராசரி எஃப்பிஎஸ் எவ்வளவுன்னு எல்லாரும் பாக்குறோம், ஆனா கண்ணுக்கு உறுத்துறது நடுவுல எப்பவாவது ஒரு ஃபிரேம் 100 மில்லி செகண்ட் தாமதமா வர்றதுதான். 8 ஜிபி நிரம்பி, விண்டோஸ் கொஞ்சத்தை எஸ்எஸ்டிக்குத் தள்ளித் தள்ளி எடுத்ததால வந்த திக்கல் அது. 16 ஜிபி ஆனதும் அதுக்கு அவசியம் இல்லாம போச்சு.

அப்பவும் 60 வரல. நாலு கோர் பிராசஸர் நாலு கோர்தான். ஆனா இப்ப எதைக் குறைக்கணும்னு தெரிஞ்சுது. ரோட்டுல எத்தனை பேர் நடக்கணும், எத்தனை வண்டி ஓடணும்ங்கிற பாப்புலேஷன் டென்சிட்டியைக் குறைச்சோம், தூரத்துல தெரியிறதை நிர்ணயிக்கிற டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்கைக் குறைச்சோம். ரெண்டும் பிராசஸருக்குச் சுமை. கார்டு மேல விழுற செட்டிங்ஸை எல்லாம் அப்படியே உயரத்துல விட்டுட்டோம், அதுக்குத்தான் சும்மா இருக்கிற நேரம் நிறைய இருக்கே. ஊருக்குள்ளயே 60-ஐத் தொட்டுச்சு. காசு செலவில்லாம.

ஒரு எச்சரிக்கை. டாஸ்க் மேனேஜர்ல பிராசஸர் 100 காட்டினாத்தான் தடைன்னு நினைக்காதீங்க. எட்டு கோர் இருக்கிற மெஷின்ல ஒரே ஒரு திரெட் திணறினாலும் மொத்தக் கணக்கு 30, 40-னுதான் காட்டும். கார்டோட உபயோகத்தைப் பாருங்க. எஃப்பிஎஸ்ஸுக்கு நீங்களே வரம்பு வைக்காதபோதும் அது 95-க்கு ரொம்பக் கீழே இருந்தா, கார்டு யாருக்காகவோ காத்திருக்கு. யாருக்காகன்னு கண்டுபிடிச்சுட்டுக் காசை எடுங்க. ரேம் ஒரே குச்சியா? ரேமோட எக்ஸ்எம்பி பயாஸ்ல ஆன் ஆகாம, 3200-ன்னு வாங்கினது 2133-லயோ 2400-லயோ ஓடுதா? தம்பியோட பழைய போர்டு 2133-ஐத் தாண்டாது, ஆனா உங்க போர்டு தாண்டலாம். அது ஒரு நிமிஷ வேலை, இலவசம்.

என் குச்சியை நான் திருப்பி எடுத்துக்கணும் இல்லையா, அதனால அவனுக்கு ஒரு பழைய 8 ஜிபி தேடிப் பிடிச்சோம். முழுக் காசும் நான்தான் கொடுத்தேன்னு எழுதினா எனக்கு நல்ல பேர் கிடைக்கும். ஆனா பாதிதான் கொடுத்தேன். மீதியைக் கொடுக்க அவன் விடல. "கார்டும் வீண் போகலையேண்ணா, பிளெண்டர்க்கு வேணும்தானே"ன்னான். உண்மைதான். இருந்தாலும் முதல் நாளே ஒரு கேள்வி, "ரேம் ஒரு குச்சியா, ரெண்டா?"ன்னு நான் கேட்டிருந்தா, ரேமை முதல்ல போட்டுட்டு, கார்டுகிட்ட என்ன எதிர்பார்க்கணும்னு தெரிஞ்சே வாங்கியிருப்பான். ரெண்டு வாரம் ஏமாந்துட்டோம்னு நினைச்சுத் தூங்காம இருந்திருக்க மாட்டான்.

இப்பவும் என் ரூம் கதவைத் தட்டுறாங்க. எந்தக் கார்டு வாங்கலாம்னு கேட்டா நான் உடனே பேர் சொல்றதில்ல. "உன் மெஷின்ல இப்ப எது காத்திருக்குன்னு பாத்தியா?"ன்னு கேக்குறேன். சில பேர் கடுப்பாகி வேற ஆள்கிட்ட போயிடுறாங்க. பரவாயில்ல.

போன மாசம் தம்பி வேலை பாத்த ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தான். பந்தியில உக்காந்தேன். வாளியோட வந்து என் இலையில ரெண்டு கரண்டி பாயசம் ஊத்திட்டு, சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டிச் சிரிச்சான். கதவு ரெண்டு இருந்துச்சு.